ராய்ஸ் பிடித்த பந்து

எங்கள் குர்ராவில்லாவில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். 1970 கால்பந்து இறுதி ஆட்டத்தில் ராய்ஸ் ஹேனஃபோர்ட் ஆள் மேல் ஆள் ஏறி அந்தப் பந்தைப் பிடித்ததைத் தங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்தவர்கள் எப்படியும் ஆயிரத்து ஐந்நூறு பேர் தேறுவார்கள். அதில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. நகெட் என்று ஒருவன் இருக்கிறான், என் வயதுதான். அன்றைக்கு அவன் அக்கா கல்யாணத்துக்கு அடிலெய்டு போயிருந்தான். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். எல்லாரையும்விட நன்றாகப் பார்த்தவன் அவன்தான்.

ராய்ஸ் அந்தப் பந்தைப் பிடிக்கவில்லை. பிடித்தவன் நான், ஆர்னோ.

இதை இப்படிப் பட்டென்று சொல்ல எனக்கு ஐம்பத்து நான்கு வருஷம் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் ஒருத்தன் குடித்துவிட்டு டிராக்டரைக் குளத்துக்குள் இறக்கலாம், அடுத்தவன் வேலியை இடிக்கலாம், மன்னித்துவிடுவார்கள். 'நான் நன்றாக ஆடினேன்' என்று தன் வாயால் சொன்னான் என்றால் மட்டும் தொலைந்தான். சாகும் வரை அவன் தம்பட்டக்காரன்தான். பத்து கோல் போட்டவனும் "ஏதோ சுமாரா போச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இது இன்னும் மோசம். என் அப்பா லூத்தரன் கோயிலில் முதல் பெஞ்சுக்காரர். கோதுமை இடுப்பளவுக்கு விளைந்து நின்றாலும் "பரவாயில்லை" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. அந்த மனிதருக்குப் பிறந்தவன் ஊர் நடுவில் நின்று 'பிடித்தது நான்' என்று எப்படிச் சொல்வது? அடுத்தவர்கள் சொல்ல வேண்டும். அடுத்தவர்கள் சொல்லவில்லை.

ஊர் எக்கேடு கெட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள், என் மனைவி கிளெனிஸ். அன்றைக்கு அவள் தன் அப்பாவின் காருக்குள் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு மாதம். மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். "ராய்ஸ் என்னமா ஏறினான் பாத்தியாடா!" என்று மாமனார் மேசையைத் தட்டினார். கிளெனிஸ் எனக்கு டீ ஊற்றினாள், ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனை விருந்து, எத்தனை கிறிஸ்துமஸ், எத்தனை சாவு! எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதை வரும். ஒவ்வொரு தடவையும் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். இவளும் நம்பிவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொள்வேன். கட்டின பெண்டாட்டிக்கே தெரியாத ஒன்றை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ராய்ஸ் திறமை இல்லாதவன் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அவனுக்கு எது சொந்தக் கால் என்று அவன் அம்மாவுக்கே தெரியாது. வலதால் உதைத்தாலும் இடதால் உதைத்தாலும் பந்து ஒரே மாதிரிதான் போகும். ஐம்பது கெஜத்துக்கு அப்பால் ஓடிக்கொண்டிருப்பவன் நெஞ்சில், தட்டில் வைத்து நீட்டுவது போல வந்து சேரும். பின்னாளில் நகரத்துப் பெரிய கிளப்புக்குப் போய் இருநூற்று முப்பத்தொரு ஆட்டம் ஆடினான். அங்கே அவன் செய்ததையெல்லாம் எழுதினால் நாலு புத்தகம் வரும். ஆனால் எங்கள் ஊருக்கு அவன் என்றால் ஒன்றே ஒன்றுதான். அவன் செய்யாத அந்த ஒன்று.

நடந்தது இதுதான். மூன்று நாளாக மழை. மைதானம் முழங்கால் வரை சேறு. எங்கள் ஊரில் எப்போதும் மைதானத்தைச் சுற்றிக் கார்களை வரிசையாக நிறுத்தி உள்ளேயிருந்தே பார்ப்பார்கள். கோல் விழுந்தால் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். அன்றைக்கு ஆட்டம் முடியும் வரை ஒருத்தரும் கதவைக்கூடத் திறக்கவில்லை. உள்ளே ஐந்து பேர் மூச்சு, மீட் பை என்கிற சூடான இறைச்சிப் பணியாரத்தின் ஆவி, வெளியே மழை. கண்ணாடி பூராவும் மங்கல். வைப்பர் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வருவதற்குள் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவர்கள் பார்த்த ஆட்டம். உள்ளூர்ப் பேப்பர்காரனும் காரில்தான் இருந்தான். களத்தில் நாங்கள் முப்பத்தாறு பேரும் ஒரே சேற்று நிறம். என் முதுகில் பத்தொன்பது, ராய்ஸ் முதுகில் ஏழு. இரண்டுமே எங்களுக்குள்கூடத் தெரியவில்லை. அவனும் நானும் ஒரே உயரம், ஒரே ஒல்லி.

கடைசி நிமிஷம். நாலு புள்ளி பின்னால் இருக்கிறோம். கோல் விழுந்தால் ஆறு. பந்து மேலே வந்தது. ராய்ஸ் அதற்குக் கீழே சரியாக நின்றான். எதிரணியான பாரிங்டாவின் ஆள் ஒருவன் அவன் மேல் சாய்ந்தான். நான் பின்னாலிருந்து ஓடி வந்து எழும்பினேன். என் முட்டி எதன் மேலோ ஊன்றியது. மேலே போனேன், போய்க்கொண்டே இருந்தேன். ஈரப் பந்து கையில் ஒட்டினது ஒட்டினபடி நின்றது. இறங்கும்போது ஆட்டம் முடியும் சைரன். என் முட்டி ஊன்றியது ராய்ஸ் முதுகில். இரண்டு விலா எலும்பு முறிந்து அவன் சேற்றில் முகம் புதைத்துக் கிடந்தான். விழுந்து கிடப்பவன் பாரிங்டாக்காரன் என்று கார்களில் நினைத்தார்கள். எங்கள் ஆட்டத்தில் பந்தைக் காற்றில் பிடித்தவன் சைரனுக்குப் பிறகும் ஒரு தடவை கோலுக்கு உதைக்கலாம். நான் உதைத்தேன், கோல். ஹாரன் காதைப் பிளந்தது. கதவுகளைத் திறந்துகொண்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால் ராய்ஸ் விலாவைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது. வானத்துக்கு ஏறி, பந்தைப் பிடித்து, விழுந்து எலும்பை உடைத்து, உடைந்த எலும்போடு எழுந்து கோலும் போட்டு மயங்கி விழுந்தானாம்! திங்கட்கிழமைப் பேப்பரில் அரைப் பக்கம்.

செவ்வாய்க்கிழமை ராய்ஸ் நெஞ்சில் கட்டுடன் கிளப்புக்கு வந்தான்.

"டேய், அது நீதான்னு போய்ச் சொல்லுடா."

"நான் எப்படிடா சொல்றது? நீ சொல்லு."

"சொல்லாம இருப்பேனா? நர்ஸ்கிட்ட சொன்னேன், டாக்டர்கிட்ட சொன்னேன், பேப்பர்காரன்கிட்டயும் சொன்னேன். தலையைத் தடவிக் குடுத்துட்டுப் போறானுங்க. அடக்கமான பையனாம் நான்!"

பிறகு அவன் நகரத்துக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவனும் சொல்வதை விட்டிருந்தான். விருந்துகளில் யாராவது அந்தப் பிடியைப் பற்றி ஆரம்பித்தால் கோப்பையைத் தூக்கி ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பான். மற்றதை எல்லாம் மன்னித்தேன். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

போன ஜூனில் ராய்ஸ் போய்ச் சேர்ந்தான், மாரடைப்பு. எங்கள் பக்கம் குளிர்காலமான ஜூலையில் ஒரு சனிக்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால், கிளப்பில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். டீ, மீட் பை, தக்காளிச் சாஸ், சுவரோரம் ஹீட்டர். மேடையில் ஒரு பெரிய படம். மைதான வாசலில் வைக்கப்போகும் வெண்கலச் சிலைக்கு வரைந்தது. மேலே ஏழாம் நம்பர் ராய்ஸ் பறக்கிறான். கீழே அவன் முட்டியைத் தாங்கிக்கொண்டு முகமில்லாத ஒருத்தன். ஊன்றியது வலது முட்டி, படத்தில் இடது. வரைந்தவரையும் குறை சொல்ல முடியாது, அவரும் பார்த்தவர்களைக் கேட்டுத்தான் வரைந்திருக்கிறார்.

கிளப் தலைவர் கிராண்ட்லி எழுந்தான். நல்ல பையன், வயது ஐம்பத்து நான்கு. அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவன், ஆனால் அந்தப் பிடியை அவனைப் போல யாரும் சொல்ல முடியாது. கையைத் தூக்கி, கண்ணை மூடி, மழையைக்கூடச் சத்தம் போட்டுக் காட்டினான்.

"அவன் பூட்ஸ் அந்த பாரிங்டாக்காரன் தோள்ல இருந்துச்சு!" என்றான்.

"தோள்லயா? தலையிலடா!" என்று நகெட் பின்னாலிருந்து கத்தினான். "நான் அஞ்சு கெஜத்துல நின்னேன். தலையில நின்னு சுத்திப் பாத்தான், பந்து எங்க வருதுன்னு."

"நீ அடிலெய்டுல இல்ல இருந்தே?" என்றேன்.

"கல்யாணம் காலையில முடிஞ்சுது, மாப்ள."

அடிலெய்டிலிருந்து எங்கள் ஊருக்கு அந்தக் காலத்தில் காரில் ஆறு மணி நேரம். நான் மீட் பையைக் கடித்தேன். கிளெனிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல நான் அவளைப் பார்த்தேன். அவளும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் ராய்ஸின் மகள் ஜில்லியன் மேடைக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம்.

"அப்பா ஏப்ரல்ல இதைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நெனவுக் கூட்டத்துல வாசிக்கணும்னு சத்தியம் வாங்கிக்கிட்டார். அப்படியே வாசிக்கறேன், அவர் உங்களைத் திட்டியிருந்தா என்னைத் திட்டாதீங்க," என்று தொடங்கினாள்.

"'நான் செத்ததும் நீங்கள்லாம் கிளப்புல கூடி, சாஸைச் சட்டையில ஊத்திக்கிட்டு, அந்த எழுபதாம் வருஷத்துப் பிடியைப் பத்திப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். பேசாதீங்க. புடிச்சது நான் இல்ல, ஆர்னோதான். நான் கீழ இருந்தேன். அவன் முட்டி என் விலாவுல ரெண்டை ஒடைச்சுது, இன்னைக்கும் குளிர்னா வலிக்குது. முதல்ல சொன்னேன், நீங்க கேக்கல. அப்புறம் சொல்லல, அது என் தப்பு. சிரிச்சுக்கிட்டு இருந்துட்டேன். அதுக்கு ஆர்னோகிட்ட மன்னிப்பு கேக்கணும், அவன் மூஞ்சியைப் பாத்துக் கேக்க எனக்குத் தைரியம் வரல.'"

என் காது சூடாயிற்று. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"'இன்னொண்ணு. நான் இருநூத்தி முப்பத்தொரு ஆட்டம் ஆடியிருக்கேன். ஒருதடவை எதிர்க்காத்துல, எல்லைக்கோட்டுல நின்னு, இடது காலால வளைச்சு ஒரு கோல் போட்டேன். என் ஆயுசுல அதைவிட நல்லா நான் எதையும் செஞ்சதில்ல. அதைப் பத்தி நம்ம ஊர்ல ஒரு நாய்கூட என்னைக் கேக்கல. ஆடு மேய்க்கறவன்ல இருந்து பாதிரியார் வரைக்கும் அந்தப் பிடிதான். அடப் பாவிங்களா, நான் செஞ்சதுல ஏதாவது ஒண்ணையாவது ஞாபகம் வெச்சுக்கங்க.'" ஜில்லியன் கடிதத்தை மடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஐம்பத்து நான்கு வருஷம். எழுத்தில், மகள் வாயால், மைக்கில், ஊர் முழுக்க இருக்கும்போது. ராய்ஸ், பாவி, கடைசியில் சொல்லிவிட்டாயடா என்று மனசுக்குள் அவனைக் கட்டிக்கொண்டேன். எல்லாரும் என் பக்கம் திரும்புவார்கள் என்று காத்திருந்தேன்.

நகெட் விக்கி விக்கி அழுதான்.

"பாத்தீங்களா... பாத்தீங்களாடா அவனை! சாகப்போற நேரத்துலயும் தன் பெருமையைத் தூக்கி இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டுப் போறான்! இப்படி ஒரு மனுஷன் இனிமே பொறப்பானா?"

அறை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. தகரக் கூரை அதிர்ந்தது. பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். யாரோ என் முதுகில் தட்டி, "உனக்குக் குடுத்துவெச்சிருக்குடா ஆர்னோ, இப்படி ஒரு சிநேகிதன்!" என்றான்.

கிராண்ட்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான். "இதான் ராய்ஸ். இதுக்கு மேல நான் என்ன சொல்ல? ஒண்ணு மட்டும் சொல்றேன். ஆர்னோவுக்கு ஒரு இடம் குடுக்கணும்ங்கறது அவரோட கடைசி ஆசை. சிலையில கீழ இருக்கற ஆளுக்கு முகம் இல்ல. அதுக்கு நம்ம ஆர்னோ முகத்தையே வெச்சுட்டா என்ன? நம்ம டீம் ஜெர்சியும் போட்டுடலாம். ராய்ஸைத் தாங்கினவர் ஆர்னோ! என்ன சொல்றீங்க?"

மறுபடி கைதட்டல், முன்னைவிடப் பலமாக. கைதூக்கச் சொன்னான். எல்லாக் கையும் மேலே. தீர்மானம் நிறைவேறியது. நான் எவன் முதுகில் ஏறினேனோ அவன் என் முதுகில் ஏறிவிட்டான், அதுவும் வெண்கலத்தில், அதுவும் செத்த பிறகு.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"அது நான்தான்," என்றேன். "பந்தைப் பிடிச்சது நான்தான். அவன் சொன்னது நெசம்."

கைதட்டல் நின்றது. யாரோ இருமினார்கள். அவர்கள் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். தம்பட்டக்காரனைப் பார்க்கும் பார்வை. நானே எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

நகெட் அருகில் வந்து தோளில் கைபோட்டான். "உக்காரு மாப்ள. செத்தவன் ஒரு மரியாதை குடுத்தான், வாங்கிக்க. அதுக்காக அதை நெசம்னே நம்பிடுவியா? அசிங்கமா இருக்கு." நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். மைதானத்தைச் சுற்றிக் கார்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றன. எங்கள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். சற்று நேரத்தில் அந்தப் பக்கக் கதவு திறந்தது. கிளெனிஸ் ஏறி உட்கார்ந்தாள். களத்தில் பையன்கள் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதைப் பார்த்தோம்.

"நீயும் சொல்லிடு," என்றேன். "தம்பட்டக்காரன்னு."

"எனக்குத் தெரியும், ஆர்னோ."

"என்ன தெரியும்?"

"அது நீன்னு. அன்னைக்கே தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்? சேத்துல நம்பர்கூடத் தெரியல."

"உன் நம்பரை யாரு பாத்தா? உதைக்கறதுக்கு முன்னாடி டிரவுசரை ரெண்டு கையால மேல இழுத்துவிட்டு, மூக்கைத் தோள்ல துடைச்சியே! இந்த ஜில்லாவுல வேற எவன் அதைச் செய்வான்? ராய்ஸ் அழகா நிப்பான். எங்கப்பா ராய்ஸு ராய்ஸுன்னு கத்தினார். நான் 'இல்லப்பா, அது ஆர்னோ'ன்னேன். ஹாரன் சத்தத்துல அவருக்குக் கேக்கல."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார் சொன்னா சொல்லலன்னு? அடுத்த வருஷம் கிளப் கேன்டீன்ல எல்லாப் பொம்பளைங்க முன்னாடியும் சொன்னேன். சிரிச்சாங்க. 'பாவம், புதுசா கல்யாணமானவ, புருஷன்மேல அப்படி ஒரு ஆசை'ன்னாங்க. நான் தட்டை வெச்சுட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் அந்த கேன்டீன் பக்கமே போகல."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. அடுப்புப் பற்றி ஏதோ சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, கிளெனிஸ்! ஒரு வார்த்தை! அம்பத்து நாலு வருஷமா உனக்குத் தெரியாதுன்னு நெனச்சு நான் வெந்து செத்துக்கிட்டு இருக்கேன்!"

"நீதான் சொல்லவிடல."

"நானா?"

"அந்தக் கதை வரும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை பாப்பியே! இன்னைக்குக்கூடப் பாத்தே. வாயைத் தொறக்காதேன்னு சொல்றேன்னு நெனச்சேன். எவ்வளவு பெரிய மனசு இந்த ஆளுக்கு, சிநேகிதனுக்கு விட்டுக்குடுத்துட்டு நிக்கறான், நாம கெடுக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எத்தனை தடவை, தெரியுமா? நகெட் வாயை மூடுன்னு கத்தணும்போல இருக்கும்."

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. எத்தனை ராத்திரி இவள் முதுகைப் பார்த்துக்கொண்டு இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று படுத்திருந்தேன்! மடையன், அடி முட்டாள். வாயைத் திறந்து கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

"நல்லாப் புடிச்சேனா?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"பிரமாதமாப் புடிச்சே," என்றாள் கிளெனிஸ்.

யாரோ ஜன்னலைத் தட்டினார்கள். கிராண்ட்லி. கையில் போன். முகத்தில் கொஞ்சம் சங்கடம். ஜன்னலை இறக்கினேன்.

"கோவிச்சுக்காதீங்க ஆர்னோ. உள்ள எல்லாரும் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. சிலை செய்யறவர் உங்க முகத்தை ஒரு போட்டோ கேட்டார். இப்பவே எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ."

"கொஞ்சம் பல்லைக் கடிச்ச மாதிரி வெச்சுக்கங்க. உங்க முதுகுமேல ஒருத்தர் ஏறியிருக்கார்."

நான் பல்லைக் கடித்தேன். அவன் எடுத்துப் பார்த்தான், தலையை ஆட்டினான்.

"சிரிக்கறீங்களே. இன்னொரு தடவை. சிரிக்காதீங்க ஆர்னோ, வலிக்கணும்."

இன்னொரு தடவை எடுத்தான். அப்புறம் இன்னொன்று. ஆறாவது தடவைக்குப் பிறகு விட்டுவிட்டான்.